மிதித்தால் நிற்கிறதா உங்கள் பழைய கார்? வீட்டு வாசலிலேயே பிரேக்கைப் பரிசோதிக்கலாம்!

அதிகாலை 3 மணிக்குப் படப்பை, மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்துச் சாலைகளில் போய்ப் பார்த்தால், பழைய மாருதி ஆம்னி வேன்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். பின் சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீரைக்கட்டும் கத்திரி மூட்டையும் கூரை வரை அடுக்கியிருப்பார்கள். சில வண்டிகள் பல்லாவரம் உழவர் சந்தைக்குப் போகும். சில வண்டிகள் பெருங்களத்தூரில் பைபாஸ் ஏறி கோயம்பேட்டுக்குப் போகும். ஆம்னி உற்பத்தி 2019-ல் நின்றுவிட்டது. மாருதி 800 அதற்கும் முன்பே, 2014-ல் நின்றது. அதே ஆண்டில் அம்பாசிடரும் நின்றது. ஆனால், தாம்பரம் சுற்றுவட்டார விவசாயிகள் வீட்டு வாசலில் இந்த வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இன்ஜின் கிளம்பவில்லை என்றால் வண்டி வீட்டிலேயே நின்றுவிடும். அன்றைய சந்தை போகும், அவ்வளவுதான். பிரேக் அப்படியல்ல. அது கெட்டுப்போனது தெரியும் இடம் பெரும்பாலும் ஜி.எஸ்.டி சாலையாகத்தான் இருக்கும். ஆனால், எந்த பிரேக்கும் ஒரே நாளில் கெடுவதில்லை. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் அடையாளம் காட்டிக்கொண்டே இருக்கும். அந்த அடையாளங்களைப் படிக்க ஒர்க் ஷாப் தேவையில்லை. ஒரு டார்ச் லைட், ஒரு அட்டைப்பெட்டித் துண்டு, ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரம் போதும்.

பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது?

பெடலை மிதித்ததும், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டன் நகர்ந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது. அதனால் அந்த அழுத்தம் அப்படியே இரும்பு பைப், ரப்பர் ஹோஸ் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. டிஸ்க் பிரேக்கில், காலிப்பர் இரண்டு பேடுகளையும் சுழலும் தட்டின் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும். டிரம் பிரேக்கில், வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் வெளியே தள்ளி டிரம்மின் உட்புறத்தில் உரச வைக்கும். மாருதி 800, ஆம்னி வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் இருக்கும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான்.

இதில் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, காற்று. திரவத்தைப்போல் இல்லாமல் காற்று சுருங்கும். பைப்புக்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலும் உங்கள் கால் பலம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்; சக்கரத்துக்குப் போகாது. இரண்டு, சர்க்யூட். இப்போதைய வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு தனித்தனி அறைகள் உண்டு. ஒரு பக்கம் ஆயில் போனாலும் மறுபக்கம் ஓரளவுக்காவது பிடிக்கும். மிகப் பழைய அம்பாசிடர், ஜீப் போன்றவற்றில் ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

20 மீட்டர் கணக்கு

'கொஞ்சம் கம்மியாகத்தான் பிடிக்குது... ஓட்டிக்கலாம்' என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மணிக்கு 60 கி.மீ வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். முன்னால் தடை இருப்பதைப் பார்த்து, கால் பெடலுக்குப் போய்ச் சேரவே ஒரு விநாடி ஆகிவிடும். அதன் பிறகு, நல்ல பிரேக், நல்ல டயர், காய்ந்த சாலையாக இருந்தால் நிற்பதற்கு இன்னும் சுமார் 20 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 37 மீட்டர். பிரேக்கின் பலம் பாதியாகக் குறைந்திருந்தால், அந்த 20 மீட்டர் 40 மீட்டராகிவிடும். மொத்தம் 57 மீட்டர். கூடுதலாக ஓடும் அந்த 20 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டு அரசுப் பேருந்துகளின் நீளம். தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ காலை நேரத்தில் முன்னால் அவ்வளவு இடம் எங்கே கிடைக்கும்? பின்னால் மூட்டை ஏற்றியிருந்தால் இன்னும் தூரம் கூடும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தொடங்கும் முன் கவனிக்க!

வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக் கல் அடுக்கி அதன்மேல் வண்டியை நிறுத்துவதும் ஆபத்து. எடை தாங்காமல் திடீரென நொறுங்கிவிடும். இரும்பு ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டைதான் பாதுகாப்பு.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ, கம்ப்ரசர் காற்றால் அடிக்கவோ வேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு; அது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். ஓடி வந்த உடனே சக்கரத்தில் கை வைக்காதீர்கள்; ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

முதல் சோதனை: ஆயில் டப்பா

மாஸ்டர் சிலிண்டர் மேல் சிறிய பிளாஸ்டிக் டப்பா இருக்கும். மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் துடைத்துவிடுங்கள். ஒரு துளி மண் உள்ளே விழுந்தாலும் ரப்பர் வாஷரைக் கீறிவிடும்.

ஆயில், மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மாதக்கணக்கில் மெதுவாகக் குறைந்து வந்திருந்தால், பேடு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேடு தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். இது இயல்பு. ஒரே வாரத்தில் குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது. அந்த நேரத்தில் ஆயிலை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டுவது, ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதைப் போலத்தான். கசிவைக் கண்டுபிடிக்காமல் சாலைக்குப் போகக் கூடாது.

நிறத்தையும் பாருங்கள். புதிய பிரேக் ஆயில் லேசான மஞ்சளாகவோ நிறமில்லாமலோ தெளிவாக இருக்கும். டீ டிகாக்‌ஷன் மாதிரி கறுத்திருந்தால் மாற்றும் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

பிரேக் ஆயில், பெயருக்குத்தான் ஆயில். அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். நம் பக்கத்துக் கடற்காற்றுக்கும் மழைக்காலத்துக்கும் இது வேகமாக நடக்கும். ஈரம் கூடக் கூட, கொதிநிலை இறங்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி. 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகைக்கு இது 230, 155 டிகிரி. நெரிசலில் அடிக்கடி பிரேக் பிடித்து, சக்கரம் சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பெடல் திடீரெனத் தரைக்குப் போகும். வண்டி ஆறிய பிறகு பார்த்தால் பிரேக் சரியாகப் பிடிக்கும். 'என்ன ஆச்சுன்னே தெரியல' என்று பலர் குழம்புவது இதனால்தான். 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதுமாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

இரண்டாவது சோதனை: கசிவு

இரவில் வண்டியை நிறுத்தும்போது, நான்கு சக்கரத்துக்கும் உட்பக்கம், இன்ஜினுக்கு அடியில் என அட்டைப்பெட்டித் துண்டுகளைப் போட்டு வையுங்கள். காலையில் எந்த அட்டையில் ஈரம் இருக்கிறது என்று பாருங்கள். டார்ச் அடித்து டயரின் உட்பக்கச் சுவரையும் பாருங்கள். அங்கே ஈரக்கோடு வழிந்திருந்தால், வீல் சிலிண்டர் வாஷர் போயிருக்கலாம்.

அது பிரேக் ஆயிலா, கியர் ஆயிலா என்று சந்தேகம் வருகிறதா? ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு துளியை விடுங்கள். கியர் ஆயில், இன்ஜின் ஆயில் என்றால் மேலே மிதக்கும். பிரேக் ஆயில் தண்ணீரோடு கலந்துவிடும். சோதனை முடிந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, டம்ளரைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். பிரேக் ஆயில் விஷம். பெயின்டில் பட்டாலும் உரித்துவிடும். பட்ட இடத்தில் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும்.

வெளியே எங்கும் ஈரம் இல்லை, ஆனாலும் ஆயில் குறைகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே கசிந்தால் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் சொட்டாது.

வண்டிக்கு அடியில் ஓடும் இரும்பு பைப்பையும் பாருங்கள். கோவளம், முட்டுக்காடு பக்கம் ஓடும் வண்டிகளுக்கு உப்புக்காற்றால் துரு சீக்கிரம் பிடிக்கும். யூரியா, பொட்டாஷ் மூட்டை ஏற்றும் வண்டிகளுக்கும் இதே தொல்லை உண்டு. சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து தரைத்தகட்டையும் பைப்பையும் அரிக்கும். உரம் ஏற்றிய அன்றே வண்டியைப் பெருக்கிக் கழுவிவிடுவது நல்லது. ரப்பர் ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேலே வெடிப்பு தெரிகிறதா, ஒரு இடத்தில் புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டில் எது இருந்தாலும் உடனே மாற்ற வேண்டும்.

மூன்றாவது சோதனை: பெடல் சொல்லும் சேதி

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். ஒவ்வொரு முறையும் பெடல் கனமாகிக்கொண்டே வரும். அப்படியே மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் நன்றாக இருக்கிறது. இறங்கவே இல்லை என்றால் பூஸ்டரோ, அதற்கு வரும் வேக்குவம் ஹோஸோ பழுது. பூஸ்டர் இல்லாத பழைய மாடல்களில் பெடல் இயல்பாகவே கனமாகத்தான் இருக்கும்; அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

அடுத்து, இன்ஜின் ஓடும்போதே பெடலை அழுத்தமாக மிதித்து, அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். அப்போது தெரிவதை இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

* பெடல் மெதுவாகத் தரையை நோக்கி இறங்குகிறது: வெளியே கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் வாஷர் தேய்ந்து, ஆயில் உள்ளேயே திரும்பிவிடுகிறது. வண்டியை எடுக்காதீர்கள்.
* ஸ்பாஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது: பைப்புக்குள் காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். காற்று எப்படிப் புகுந்தது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும்.
* முதல் மிதியில் ஆழமாகப் போகிறது, இரண்டு மூன்று முறை பம்ப் செய்தால் மேலே வருகிறது: பின் சக்கர ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஷூ அட்ஜஸ்ட் செய்தால் சரியாகும். அதன் பிறகும் அப்படியே இருந்தால் காற்றுதான் காரணம்.
* கல் மாதிரி கனமாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்பதில்லை: பூஸ்டர் பழுது, அல்லது லைனிங் கண்ணாடி மாதிரி பளபளத்து உரசும் தன்மையை இழந்திருக்கிறது.

அழுத்தி மிதித்த நிலையிலும் பெடலுக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது இரண்டு மூன்று விரல் அகலம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் சரியான அளவு கொடுத்திருப்பார்கள், அதுவே இறுதி.

நான்காவது சோதனை: மெதுவாக ஓட்டிப் பார்ப்பது

முந்தைய மூன்று சோதனைகளிலும் குறை இல்லை என்றால் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். ஜி.எஸ்.டி சாலையிலோ வேளச்சேரி சாலையிலோ வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத காலி மனை, களம், ஊர்ப்புறச் சாலை போதும். முதலில் நடை வேகத்தில் மிதித்துப் பாருங்கள். நன்றாக நின்றால் 30 கி.மீ வேகத்துக்குப் போகலாம்.

ஒரு பக்கம் இழுக்கிறதா? முதலில் டயர்களின் காற்றைச் சரிபாருங்கள். அதுவும் சரி என்றால், எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து பிரேக்தான் பெரும்பாலும் வேலை செய்யவில்லை. இடப்பக்கம் இழுத்தால், வலது முன் சக்கரத்தில் காலிப்பர் இறுகியிருக்கலாம். பேடில் எண்ணெய் பட்டிருக்கலாம்.

பெடல் அதிர்கிறதா? டிஸ்க் நெளிந்திருக்கலாம், டிரம் வட்டம் மாறியிருக்கலாம். லேத்தில் கொடுத்துக் கடையலாம். ஆனால், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. டிஸ்க்கில் குறைந்தபட்ச கனமும், டிரம்மில் அதிகபட்ச உள்விட்டமும் பெரும்பாலும் பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் மாற்றத்தான் வேண்டும்.

கீச்... சத்தம் வருகிறதா? சில பேடுகளில் ஒரு சிறிய தகடு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து முடியும் நேரத்தில் அது டிஸ்க்கில் உரசி சத்தம் எழுப்பும். அது எச்சரிக்கை மணி. அதையும் தாண்டி 'கர்ர்' என்று இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தால், பேடு முடிந்துவிட்டது. இனி டிஸ்க்கையும் தின்ன ஆரம்பித்துவிடும்.

சக்கரம் சூடாகிறதா? அதிகம் பிரேக் பிடிக்காமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஜாம் ஆகியிருக்கிறது. காலிப்பர் பிஸ்டன் துரு, ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கம், உள்ளுக்குள் அடைத்துப்போன ரப்பர் ஹோஸ் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். மைலேஜ் திடீரெனக் குறைந்திருந்தாலும் இதைச் சந்தேகிக்கலாம்.

சக்கரத்தைக் கழற்றத் தெரிந்தவர்களுக்கு...

ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தால் முன் பேடையும் பார்த்துவிடலாம். காலிப்பரின் இடைவெளி வழியே டார்ச் அடித்தால், பின்தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பகுதி தெரியும். அது 3 மி.மீ அளவுக்கு வந்துவிட்டால் மாற்றத் தயாராகிவிட வேண்டும். உள் பேடு, வெளி பேடு இரண்டையும் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் காலிப்பர் சரியாக நகரவில்லை. பேடோ ஷூவோ, மாற்றும்போது ஒரே அச்சில் இருக்கும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

காலிப்பர், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ஆகியவற்றைப் பிரிக்கும் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். வீட்டில் செய்ய வேண்டியது நோயைக் கண்டுபிடிப்பது. அறுவை சிகிச்சைக்கு அனுபவமுள்ள மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டிகள்

2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ மழை கொட்டியது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றில் இறங்க, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அதே பகுதிகளில் தண்ணீர் புகுந்தது. இப்படி நின்ற வண்டிகளில் பலரும் இன்ஜினைத்தான் சரிபார்ப்பார்கள். பிரேக்கை மறந்துவிடுவார்கள்.

சக்கரம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் நின்ற வண்டி என்றால், நான்கு சக்கரத்தையும் பிரித்துச் சேற்றைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். டிரம்முக்குள் புகுந்த வண்டல் தானாக வெளியே வராது. வீல் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் தண்ணீர் புகுந்தால் பிஸ்டன் துருப்பிடிக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் பிரேக் ஜாம் ஆகும் அல்லது கசியும். அப்போது வெள்ளம் யாருக்கும் நினைவிருக்காது. ஆயில் டப்பா வரை தண்ணீர் ஏறியிருந்தால், ஆயிலை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். ஹேண்ட் பிரேக் கேபிளின் உறைக்குள் நீர் தங்கி, துருவேறி இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தேங்கிய தண்ணீரைக் கடந்து வந்தால், பின்னால் வண்டி வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடி பெடலை லேசாகப் பலமுறை மிதியுங்கள். உரசும் சூட்டில் லைனிங் காயும். பழையபடி பிடிக்கிறது என்று தெரிந்த பிறகே வேகம் எடுக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

'பிரேக் சரியில்லை' என்று மட்டும் சொன்னால், எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியாது. தேவையில்லாத பாகமும் மாறும், பில்லும் ஏறும். 'முதல் மிதியில் கீழே போகுது, பம்ப் பண்ணினால் வருது. பின்னாடி இடது சக்கரத்துல ஈரம் இருக்கு. ஒரு மாசத்துல ஆயில் அரை இன்ச் இறங்கியிருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை முடிந்துவிடும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

உதிரிபாகத்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நாட்டின் முக்கியமான பிரேக் தொழிற்சாலைகள் சில சென்னையிலேயே இருக்கின்றன. 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவை பாடியில் வளர்ந்தவை. ஜி.பி.ரோட்டில் பழைய மாடல்களுக்கும் பாகங்கள் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய கதவு, கண்ணாடி வாங்கலாம். பேடு, ஷூ, ஹோஸ், வாஷர் போன்றவற்றைப் பழையதாக வாங்கவே கூடாது. சீல் உடையாத பெட்டியில், பில்லோடு வாங்குங்கள்.

ஓடும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால்...

1. பதறாமல் பெடலைத் தொடர்ந்து வேகமாகப் பம்ப் செய்யுங்கள். ஓரளவு அழுத்தம் திரும்பலாம்.
2. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஒவ்வொரு கியராகக் குறையுங்கள்.
3. ஹேண்ட் பிரேக்கை, பட்டனை அமுக்கியபடி மெதுவாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடும்.
4. ஹாரன் அடித்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இடதுபுறம் ஒதுங்குங்கள்.
5. வண்டி நிற்கும் வரை சாவியை எடுக்காதீர்கள். ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

வாசகர் கேள்விகள்

'ஆம்னிக்கு பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றலாமா?'

கூடவே கூடாது. இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில், மண்ணெண்ணெய் என எது பட்டாலும் பிரேக்கில் உள்ள ரப்பர் வாஷர்கள் ஊதிப் பெருத்துவிடும். தெரியாமல் ஊற்றிவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். எல்லா ரப்பர் பாகங்களையும் மாற்றி, பைப்பைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். மூடியில் எழுதியிருக்கும் டாட் வகை ஆயிலை மட்டும், புதிதாகத் திறந்த பாட்டிலில் இருந்து ஊற்றுங்கள். பாதி தீர்ந்து பல மாதம் கிடந்த பாட்டில் ஈரம் உறிஞ்சியிருக்கும்.

'மழைக்காலத்தில் ஒரு மாதம் கார் நிற்கும். பிறகு எடுத்தால் பின் சக்கரம் சுற்றுவதில்லையே?'

ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தியதால், ஈரத்தில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கும். அதிகம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பிடுங்க வேண்டாம், லைனிங் உரிந்துவிடும். முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள். வரவில்லை என்றால் மெக்கானிக்கை அழையுங்கள். இனிமேல் நீண்ட நாள் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், சமதளத்தில் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். வாரம் ஒருமுறை நாலடி முன்னும் பின்னும் நகர்த்தினாலே போதும்.

'காருக்கு 15 வருடம் முடிகிறது. எஃப்.சி-க்குப் போகும் முன் பிரேக்கில் எதைப் பார்க்க வேண்டும்?'

சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்ததும், ஆய்வுக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதன் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை. கால் பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடிக்க வேண்டும், ஹேண்ட் பிரேக் வண்டியை நிறுத்தி வைக்க வேண்டும், பிரேக் லைட் எரிய வேண்டும். பிரேக் லைட்டைச் சுவர் ஓரமாகப் பின்பக்கத்தை நிறுத்தி, மிதித்துப் பார்த்தால் நீங்களே தெரிந்துகொள்ளலாம். ஆய்வுக்காக இரண்டு நாளுக்கு மட்டும் சரிசெய்யாதீர்கள். பழுதான வண்டியைத் தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம்.

'டிராக்டர் சாலையில் போகும்போது பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் திரும்புகிறது. ஏன்?'

டிராக்டரில் இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி பெடல் உண்டு. வயலில் திரும்புவதற்காகக் கொடுத்த வசதி அது. சாலைக்கு வரும் முன் இரண்டு பெடலையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். இணைத்த பிறகும் இழுத்தால், இரண்டு பெடலின் ஆட்டமும் சமமாக இல்லை. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். டிரெய்லரில் நெல் மூட்டையோடு போகும்போது கொக்கி போட மறந்தால், டிராக்டர் கவிழும் ஆபத்தும் உண்டு.

'எத்தனை நாளைக்கு ஒருமுறை இந்தச் சோதனைகளைச் செய்வது?'

பெடல் சோதனை தினமும், வண்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம். ஆயில் அளவும் டயர் உட்பக்கமும் வாரம் ஒருமுறை. பேடு, ஹோஸ், பைப் ஆகியவற்றை 3 மாதத்துக்கு ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்னும், முடிந்த பின்னும் பார்க்கலாம். தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மாட்டுக்குத் தடுப்பூசி போட்ட தேதியை எழுதி வைப்பதைப் போலத்தான் இதுவும். அடுத்த முறை ஆயில் குறையும்போது, அது இயல்பா, கசிவா என்பதற்கு அந்த நோட்டிலேயே பதில் இருக்கும்.